நாற்பத்தெட்டு மணி நேரம்

மடியில் வைத்துக்கொள், முதுகு உன் நெஞ்சில் சாயட்டும்.
ஒரு கை அவன் இரு கைகளுக்கும் கட்டு,
இன்னொன்று நெற்றிக்கு.
நுக்காக்கா சொன்னபடி செய்கிறாள்.
இவிக் என்றால் எங்கள் மொழியில் புல்லின் ஒற்றைத் தாள்.
இரண்டே கால் வயதுத் தாள்
காற்றில்லாமலே நடுங்குகிறது.

அழுதால் எந்தச் செவியும் சிவக்கும்.
சிவப்பை நம்பாதே என்று நூக்கில் படித்தபோது
நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன்.
மடலை மெல்லப் பின்னிழுத்து விளக்கை நுழைக்கிறேன்.
வலக்காதில்
நிலா பட்ட பனிக்கட்டியின் சாம்பல்.
குமிழை அமுக்கிக் காற்றை அனுப்பினால்
மினுக்கென்று அசைகிறது.

இடக்காதில்
மஞ்சள் பாரித்து, வெளியே புடைத்து,
உள்ளிருந்து யாரோ கட்டைவிரலால் தள்ளுவதுபோல்.
அமுக்குகிறேன்.
மறுபடி அமுக்குகிறேன்.
எங்கள் ஊர்ப் பறையில் தோலைத் தட்டமாட்டோம்,
சட்டத்தைத்தான் தட்டுவோம், தோல் தானே பேசும்.
இது பேசவில்லை.

தொலைபேசியை வலக்காதுக்கு மாற்றிக்கொள்கிறேன்.
ஒரு காது மட்டுமா, என்கிறார் டாக்டர் கெர்லுஃப்,
இருநூறு கிலோமீட்டர் தெற்கே.
காய்ச்சல்?
முப்பத்தெட்டு புள்ளி நாலு. தண்ணீர் குடிக்கிறான்.
வலிக்கு மட்டும் கொடு, எடை பார்த்து.
இரண்டு நாள் பார்ப்போம்.

பார்ப்போம்.
பூட்டிய கண்ணாடி அலமாரியை நுக்காக்கா பார்க்கிறாள்.
மருந்துதான் இருக்கிறதே, என்கிறாள்.
இருக்கிறது.
பெரும்பாலான காதுகள் தானாகவே ஆறிவிடும், என்கிறேன்.
பெரும்பாலான என்ற சொல்லை அவள்
வாயில் அகப்பட்ட மீன்முள்போல
நாக்கால் துழாவுகிறாள்.

இரண்டாம் இரவு, மூன்று மணி. கதவு.
கோட்டுக்குள் பிள்ளை தூங்குகிறான்.
அழுகை நின்றுவிட்டது, ஆறிவிட்டது,
என்று சிரிக்கிறாள், இரண்டு நாளில் முதல் சிரிப்பு.
தோளில் மஞ்சள் ஈரம்.

விளக்கை நுழைக்கிறேன்.
குண்டூசித் தலையளவு துளை.
தீர்ந்தது அழுத்தம்தான், நோயல்ல.
டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டு
அலமாரியைத் திறக்கிறேன்.
புட்டியில் கோடுவரை தண்ணீர், குலுக்கு.
மெல்லிய துணியைத் திரியாய் உருட்டு,
ஈரத்தை உறிஞ்சட்டும், உள்ளே குத்தாதே.
நன்றாகிவிட்டான் என்று பாதியில் நிறுத்தாதே.
குளிக்கும்போது காதில் தண்ணீர் வேண்டாம்.
அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள்.
நான் ஏன் எப்போதும்
அவளுக்கு இடப்பக்கமே உட்காருகிறேன் என்று
கேட்டதில்லை.
ஆறு குளிர்காலம் ஓடிய காது எனது.
அன்று இந்த அலமாரி இல்லை.

சூரியன் திரும்பிவந்த மாதம்.
துளை மூடியிருக்கிறது, வெள்ளைத் தழும்பு.
சவ்வுக்குப் பின்னால் நீர் தங்கியிருக்கலாம்,
தங்கினால் உலகம் அவனுக்குத்
தண்ணீருக்கடியில் கேட்கும்.
தாயைப் பேசாதிருக்கச் சொல்லிவிட்டு
பின்னால் போய் நிற்கிறேன்.
அவன் பெயரைக் கிசுகிசுக்க மூச்சை இழுக்கிறேன்.

அதற்குள் அவன் திரும்பிவிட்டான்,
என்னை நோக்கியல்ல, சன்னலை நோக்கி.
நுக்காக்காவும் திரும்பினாள்.
அவர்கள் முகம் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது,
பனிமேல் எங்கோ தூரத்தில்
ஏனோக்கின் நாய்கள்
வீட்டுக்கு வந்துகொண்டிருக்கின்றன.