சவுக்காரக் காபன்

கரண்ட் போன இரவு, திருநெல்வேலி அறையில்
பார் சவுக்காரத்தை இரண்டாய் அரிந்தாள் ஜெனோவா.
நடுவில் ஓர் ஈர்க்கு, இரண்டையும் கோத்து.
பிறகு துண்டுக்கு மூன்று.
ஐதரசனுக்கு வேப்பங்காய்,
ஐதரொட்சிலுக்குச் சின்ன வெங்காயம்,
காபொட்சிலுக்குப் புளியை உருட்டினாள்:
"புளியின்ர அமிலத்துக்குப் புளி வைக்காட்டி
அது கோவிக்கும்."
ஒரு கிழமைக்குப் பிறகு
என்னோடு அவள் கதைத்த முதற் கதை அது.
சண்டை தண்ணி பில்லில் தொடங்கியது,
எங்கெல்லாமோ போனது.

சோதனை விடிய ஒன்பதுக்கு.

பிஷர் எறியம் தாளில் சிலுவைக்கு மேல் சிலுவை.
"சிலுவை எண்டு சொல்லாதை,
சிலுவையில கை முன்னுக்கு வராது."
உண்மைதான்.
படுத்த கோடுகள் இரண்டும்
கட்டிப்பிடிக்க வருகிறவரின் கைகள்.
நிமிர்ந்தவை சுவருக்குப் பின்னால் நழுவுகின்றன.
தாளில் கிடப்பதாய்த் தெரிகிற எதுவும்
தாளில் கிடப்பதில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.
அவளுக்குத் தலைகீழ், ஆனாலும் அதே அமிலம்.
நான் கட்டிலில் ஏறி
கொப்பியைக் கால் சுற்றுத் திருப்பிய போதுதான்
கத்தினாள்:
"அது வேற ஆளடி!
கை பின்னுக்குப் போட்டுது, கால் முன்னுக்கு வந்திட்டுது."

போன் வெளிச்சத்தோடு கிணற்றடிக்குப் போனோம்,
அறைக்குள் புழுக்கம்.
சவுக்காரத்தை நிமிர்த்திப் பிடித்து
உச்சியிலிருந்து எட்டிப் பார்க்கச் சொன்னாள்:
"இதுதான் நியூமன். கிணறு மாதிரி."
கிணறு மாதிரி இல்லை.
கிணற்றில் வட்டம் கிட்ட, தண்ணீர் தூரம்.
இதில் கிட்டக் காபன் ஒரு புள்ளி,
தூரக் காபன்தான் வட்டம்.
ஆழத்தில் விளிம்பு வைத்த கிணறு.
"சரி, அப்பிடியே வைச்சுக்கொள்," என்றாள்.

புளிக்குப் பின் புளி.
வெங்காயத்துக்குப் பின் வேப்பங்காய்,
வேப்பங்காய்க்குப் பின் வெங்காயம்.
முழுக் கிரகணம்.
பிஷர் எப்போதும் கிரகணத்தில் நிற்கிற ஆள்,
அதைத் தாளில் யாரும் எழுதிவைப்பதில்லை.

கீழ்த் துண்டை மட்டும் அரைச் சுற்றுச் சுற்றினாள்.
ஈர்க்கு முறியவில்லை,
எதையும் கழற்றி எதிலும் குத்தவில்லை.
தாளில் ஒன்று வலமும் ஒன்று இடமுமாய்
முகம் கொடுக்காமல் நின்ற வெங்காயங்கள்
வலப்பக்கத்தில் அருகருகே இருந்தன.
இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.
ஒன்றும் சொல்லவில்லை.
நுளம்பு கடித்தது.

சோதனையில் புளி வரவில்லை. ஒரு சீனி வந்தது,
காபன் நாலு, சோஹோர்ஸிலிருந்து பிஷருக்கு.
அது என்ன குதிரை என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
மூன்றாம் காபனில்
இரண்டு கோட்டை மாற்றி வைத்துவிட்டேன்.
இன்னொரு தரம் மாற்றியிருந்தால் சரியாகியிருக்கும்.
ஒற்றைப் பிழைதான் பிழை;
அதே இடத்தில் இரட்டையாய் விட்டால்
வீட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம்.
மணி அடித்துவிட்டது.

ஞாயிறு உடுப்புத் தோய்க்கக் குந்தினேன்.
பேசினுக்குள் இரண்டு காபன்,
ஒவ்வொன்றிலும் நாலு ஓட்டை.
ஒன்றை நான் எடுத்தேன், மற்றதை அவள்.
நுரை வந்தது.
என் வெள்ளைச் சட்டையில் வெங்காய மணம்
மூன்று நாள் நின்றது.