நூறில் பதினெட்டு

முன்கட்டையைக் கழற்றிவிட்டு
பின்கட்டையைப் பிடித்து ஒரு குலுக்கு.
பல் ஆடுவது நாக்குக்குத் தெரிவதைப்போல
மணிக்கட்டுக்குத் தெரிந்துவிட்டது.

ஓட்மார் வுட்டே மேசைக்கு அந்தப் பக்கம்
தொப்பியோடு நிற்கிறார்.
"மூடினால் ஒரு டொக்,
சுட்டால் இன்னொரு டொக்.
போன பருவத்தில் ஒரு முயல்கூட விழவில்லை."
முயல் விழாததற்கு வேறு காரணம் இருக்கும்.
அதை நான் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறேன்.
இரட்டைக்குழலின் பின்முகத்துக்கும்
உடலின் நெற்றிக்கும் நடுவே
கராவாங்கன் மலையின் பனிவெளிச்சம்
கோடாக உள்ளே வருகிறது.
சிகரெட் தாள் போகிறது.
மடித்து வைத்தாலும் போகிறது.
ஃபெர்லாக்கில் யாரும் ரசிக்காத ஒரே வெளிச்சம் இது.
இதே வழியாக ஒருநாள்
கன்னத்துக்கு நெருப்பு வரும்.

குழல்களைத் தனியே எடுத்து
அடிக்கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு
விரல்முட்டியால் தட்டினேன்.
கணீர்.
இருபத்தாறாம் வருடத்தில்
ஈயம் உருக்கி இரண்டையும் ஒட்டியவன்
ஏமாற்றவில்லை.

கொக்கியின் வளைவைத் துடைக்கையில்
துணியில் சிக்கியது ஒரு தகரத் துண்டு.
கீல் ஆணி தேய்ந்ததால் வந்த இடைவெளியை
அடைக்கச் செருகியிருக்கிறார்கள்.
கட்டைவிரல் நகமளவு.
தடிமன், மில்லிமீட்டரில் நூறில் பதினெட்டு.
ஒரு பக்கம் எண்ணெய்க் கறுப்பு,
மறுபக்கம் சிவப்பு,
சிவப்பின்மேல் பொன்னிறத்தில் பாதி எழுத்து.

"எந்த அயோக்கியன் வேலை இது?"
வுட்டே குனிகிறார்.
"ஷில்லிங் காலத்தில் அப்பா எங்கோ கொடுத்தார்.
பேரம்கூடப் பேசாமல் கொடுத்தாராம்."

எனக்குப் பின்னால், மூன்றாம் தட்டில்,
திருகாணி போட்டுவைக்கும் காப்பி டப்பா.
சிவப்பு.
பக்கவாட்டில் ஒரு சதுர ஓட்டை.
ஆணிகள் ஒழுகாமலிருக்க உள்ளே அட்டை வைத்திருக்கிறேன்,
இருபத்தைந்து வருடமாக.

"வியாழக்கிழமை வாருங்கள்" என்றேன்.

கதவு சாத்தியபின்
துண்டை ஓட்டையில் வைத்துப் பார்த்தேன்.
பாதி எழுத்து
தன் மறுபாதியைக் கண்டுகொண்டது.
அரமும் கரியும் வைத்துக்கொண்டு
இத்தனை வருடம் நான் பொருத்திய எதுவும்
இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்ததில்லை.

சனிக்கிழமை வேட்டைப் பருவம் திறக்கிறது.
வெள்ளி மாலை ஒருவர் வந்து நிற்கிறார்.
லேத்தின் வார் அறுந்து கிடக்கிறது.
மகளுக்குக் காய்ச்சல்.
ஒரு பருவம் தாங்கினால் போதும் என்று
கத்தரிக்கோலை எடுத்திருக்கிறேன்.
அவர் முகம் நினைவில்லை.
கத்தரிக்கும்போது கை கூசியதா
என்பதும் நினைவில்லை.
பாழாய்ப்போன தகரம்
இருபத்து நான்கு பருவம் தாங்கியிருக்கிறது.

பழைய ஆணியைத் தட்டி வெளியேற்றினேன்.
புதியதை ஒரு மயிரிழை பருமனாகக் கடைந்தேன்.
கொக்கியை அதற்கேற்ப வளைத்துச் சீவினேன்.
பிறகு மெழுகுவத்தி.
சுடரில் பின்முகத்தைக் காட்டிக் கரி பூசு,
மாட்டு, மூடு, திற, பார்.
பட்ட இடம் பளபளக்கும்.
பளபளத்ததைச் சுரண்டு.
மறுபடி கரி.
புதன் இரவு எண்ணுவதை விட்டுவிட்டேன்.
விடியும்போது முகம் முழுக்க ஒரே சீராய்ப் பட்டது.
குழலின் முகத்தைச் சொல்கிறேன்.
என் முகத்தை
மதியம்தான் கழுவினேன்.

வியாழன்.
வுட்டே மூடினார். ஒரே சத்தம்.
திறந்து, மூடி, மறுபடி மூடி,
பர்ஸை எடுத்தார்.
பில்லில் தொகையைத் தேடினார்.
நான் டப்பாவை இறக்கி
ஓட்டை அவர் பக்கம் தெரியும்படி வைத்து
பக்கத்தில் துண்டையும் வைத்தேன்.

டப்பாவைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
வெளியே லொய்பில் சாலையில்
ஒரு லாரி கியர் மாற்றி ஏறிப் போகும்வரை
பேசவில்லை.

"காப்பி எப்படி இருந்தது?"

"கசப்பு."

துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
துப்பாக்கியோடு போய்விட்டார்.
ஓட்டைக்கு
அட்டையைத் திரும்ப வைத்தேன்.