வெண்மையின் எடை

ஒட்டுப்பலகை ஆலையில் எனக்கு இரவு முறை.
மரத்தை அவர்கள் வைத்துக்கொள்வார்கள்,
தோலை என் பக்கம் தள்ளிவிடுவார்கள்.
டௌகவா ஆறு உறைந்து கிடக்கும் மாதங்களில்
பிர்ச் பட்டையை வாரி வாரிக்
கொதிகலனுக்குக் கொடுத்தேன்,
பதினெட்டு வருஷம்.

ஈரமாக இருந்தாலும் எரியும்,
அது பிர்ச்சின் பிடிவாதம்.
எண்ணெய் குடித்ததுபோல் படபடவென்று,
கரும்புகை கக்கிக்கொண்டு.
அந்தச் சூட்டில்தான் எதிர்க் குடியிருப்பின்
நூற்றுப் பன்னிரண்டு சன்னல்களும்
பனி உருகி நிற்கும்.
நான்காம் மாடியில் ஒருத்தி
கையில்லாத சட்டையோடு
பூத்தொட்டிக்குத் தண்ணீர் விடுவாள்.
என்னை அவளுக்குத் தெரியாது.
அவளுடைய வெறுங்கைகளை எனக்குத் தெரியும்.

போன இலையுதிர்காலத்தில் வில்னிஸ் வந்தான்,
ரீகாவிலிருந்து, ஒரு தராசோடு.
என் குவியலில் ஒரு சுருளை எடுத்து
வெள்ளைப் புறத்தை நகத்தால் சுரண்டினான்.
நகக்கண்ணில் மாவு.
"பெட்டுலின். மரம் வெள்ளையாக இருப்பது
இதனால்தான், ஔஸ்த்ரா."
"மரம் வெள்ளையாக இருப்பது
அது பிர்ச் என்பதால்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

வெளிப்பட்டையின் எடையில் கால்வாசி
அந்த வெண்மைதானாம்.
தீப்புண்ணுக்குக் களிம்பு ஆகுமாம்.
என் முன்கையில் மூன்று தழும்புகள்.
மருந்தை எரிக்கும்போது பட்டவை.

கொட்டகையில் தொட்டி வந்தது.
பட்டையைச் சாராயத்தில் ஊறவைத்து,
காய்ச்சி, வடித்து, ஆறவிட்டால்
அடியில் படிகிறது,
நவம்பரின் முதல் பனிபோல,
ஆனால் உருகாமல்.

அது பாதி வேலை.
எடுக்கப் போன சாராயத்தைத்
திரும்பக் கூட்டிவருவது மீதி.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்,
இவன் காற்றில் போனதையும் அளந்தான்.
முதல் தடவை இருநூறு லிட்டர் உள்ளே போனது,
நூற்று நாற்பது திரும்பி வந்தது.
எல்லோரும் குந்தார்ஸைப் பார்த்தார்கள்.
குந்தார்ஸ் தன் காலணியைப் பார்த்தான்.
நான்கு நாள் அவன் மேசையில்
யாரும் உட்கார்ந்து சூப் குடிக்கவில்லை.
ஐந்தாம் நாள்
குளிர்விக்கும் குழாயின் மூட்டில்
ரப்பர் வளையம் விரிந்து கிடப்பதை
மோந்தே கண்டுபிடித்தவன் அவன்தான்.
இந்த மூக்கு எங்கே பழகியது என்று
நாங்கள் கேட்கவில்லை.
வில்னிஸ் மட்டும் அவன் எதிரில் போய்
தட்டை வைத்து உட்கார்ந்தான்.

ஜனவரியில்தான் எனக்குப் புரிந்தது.
வெள்ளை போன பட்டை எரிகிறது,
ஆனால் அந்தப் பழைய வெறி இல்லை.
முள் எட்டு டிகிரி கீழே நின்றது.
மரத்தூளை அள்ளிப் போட்டும் ஏறவில்லை.
நான்காம் மாடிக்காரி
கம்பளிச் சட்டைக்குள் போய்விட்டாள்.

வில்னிஸை இழுத்துவந்து சன்னலைக் காட்டினேன்.
"உன் குறிப்பேட்டில்
சாராயத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது,
மாவுக்கு ஒரு பத்தி.
இவளுக்கு எங்கே?"
நெடுநேரம் நின்றான்.
பிறகு விரல் நீட்டி
ஒவ்வொரு சன்னலாக எண்ண ஆரம்பித்தான்.
நூற்றுப் பன்னிரண்டு என்று நான் சொல்லியும்
முழுவதும் எண்ணினான்.

சாராய ஆவி குளிரும்போது
விடுகிற சூட்டைத்
தண்ணீரில் ஏற்றி அந்தப் பக்கம் அனுப்ப
இரண்டு குழாய் இழுத்தோம்.
ஒன்று ஒழுகியது.
மற்றது போதவில்லை.
குந்தார்ஸ் கெட்ட வார்த்தைகளால்
அதைச் சரிசெய்துகொண்டே இருந்தான்.

மார்ச்சில் ஓர் இரவு, முறை முடியும் நேரம்,
நான்காம் மாடியில் விளக்கு எரிந்தது.
அவள் தொட்டியைத் திருப்பிவைத்தாள்.
கம்பளிச் சட்டைதான்.
ஒரு கையை மட்டும்
முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள்.