துளையெண்

இரவு பதினொன்றே கால்.
ராணிப்பேட்டை சிப்காட்டின் தோல் வாடை
ஏசி அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.
கெர்னலை மேம்படுத்தி, ரீபூட் கொடுத்துவிட்டு
டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

கறுப்புத் திரையில் வெள்ளையாய் ஒரு வரி:
எஸ்டிஏ-2 என்று எதுவும் இல்லை.

நேற்றுவரை இருந்தது.
நான்கு வருடமாக இருந்தது.
ஆம்பூருக்குப் போன ஒவ்வொரு லாட்டின் கணக்கும்
எழுநூற்றுப் பன்னிரண்டு பேரின் சம்பளமும்
அதற்குள்தான்.
விடிந்தால் ஏழாம் தேதி.

முதலில் கேபிளைச் சந்தேகித்தேன்.
பிறகு டிஸ்க்கை.
பிறகு, வழக்கம்போல, என்னை.
கழற்றி மாட்டிக் காதை வைத்துக் கேட்டேன்.
சுழல்கிறது. செத்த டிஸ்க்குக்கு இந்தச் சத்தம் வராது.
பழைய கெர்னலில் ஏற்றினால்
சமர்த்தாக எழுந்து நிற்கிறது.
புதியதில், நீ யார் என்கிறது.

அக்கவுண்ட்ஸ் மாசிலாமணி போனில்:
"செத்துப்பூட்சாம்மா?"
"சாவல சார். பேரு மாறிக்கீது."
சற்று நேரம் ஃபேன் சத்தம்.
"பேருதானேம்மா?"

பேர்தான்.
கதவைத் திறந்துவிட்டு
முதலில் நுழைபவன் ஏ, அடுத்தவன் பி என்று
கூப்பிடுகிறது கெர்னல்.
இந்த முறை வேறு கதவை முதலில் திறந்துவிட்டது.
மூலையில் கிடந்த பேக்கப் டிஸ்க்
முந்திக்கொண்டு வந்து ஏ ஆகிவிட்டது.
வீட்டுக்காரன் பி-யாக வாசலில் நிற்கிறான்,
உள்ளே ஒரு பைட்டும் கலையாமல்.

கண்ணாடிக்கு அப்பால்
சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோல்களை
இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் தேவசகாயம்.
மயிர் போய், நிறம் போய்,
எந்தச் சந்தையில் வாங்கியதென்று
முகம் பார்த்துச் சொல்ல முகமும் இல்லாதவை.
அவர் வாலோரம் விரலால் தடவுகிறார்.
"வாணியம்பாடி லாட்டு. நாப்பத்தொண்ணு."
உளியால் குத்திய துளைகள்.
சுண்ணாம்பு தின்னாது, அமிலமும் தின்னாது.
எது முதலில் ஏறி வந்தாலும்
அவருக்கு ஒன்றுமில்லை.

டிஸ்க்கிலும் குத்தியிருக்கிறது,
ஃபார்மட் செய்த அன்றே:
முப்பத்திரண்டு எழுத்து, நடுவே நான்கு கோடு.
வாயில் நுழையாத பெயர்.
யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை.

பழைய கெர்னலில் நுழைந்து
மவுண்ட் பட்டியலில் எஸ்டிஏ-வை அடித்துவிட்டு
அந்த யூயூஐடியை எழுதினேன். பூட் வரியிலும்.
ஆறை 'பி' என்று தட்டி
இன்னொரு முறை விழுந்தேன்.
இரண்டாவது தடவை
எழுத்தெழுத்தாக, விரல் வைத்து.

ஒன்று ஐம்பதுக்கு லாகின் கேட்டது.

டிஸ்க்கின் முதுகில் எனக்கு முன்னிருந்தவர்
'ஏ' என்று ஒட்டிய ஸ்டிக்கர்.
நகத்தால் சுரண்டினேன்.
பாதிதான் வந்தது.

கேட்டில் செக்யூரிட்டி நோட்டை நீட்டினார்.
உள்ளே வரும்போது நான் முப்பத்தெட்டு.
தேதி மாறிவிட்டதால் இப்போது ஒன்று.
பெயர்க் கட்டத்தில் அவரே எழுதி வைத்திருந்தார்:
சிஸ்டம்.

"சம்பளம் ஏறிடும்ல மேடம்?"