பதிவேடு

கார்மார்தன் நீதிமன்றத்தில்
சாட்சிக் கூண்டு காலியாக இருக்கிறது.
விமானி வரமாட்டாராம். வேறு நாட்டுக்காரர்.
இங்கே அவர் பெயர் ‘சாட்சி எஃப்’.

அறிக்கை இருநூற்றுப் பதினான்கு பக்கம்.
பாதிக்குமேல் கறுப்பு மை.
மீதியில்,
தகவல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது,
ஆயுதம் பிரயோகிக்கப்பட்டது,
வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.
வினைகள் எல்லாம் வந்து நிற்கின்றன,
எழுவாய்கள் விடுப்பில்.

நான் முப்பத்தொரு வருஷம் சிக்னல்மேன்.
ஒற்றைத் தடம், மலைப்பாதை,
நாளைக்கு எட்டு ரயில்.
மணி அடித்தால் நேரம் எழுதுவேன்,
கைப்பிடி இழுத்தால் நேரம் எழுதுவேன்,
கீழே என் பெயர்: எல்ஃபெட் ப்ரோதரோ.
அந்த அறைக்குள் ரப்பர் வைத்திருக்கக் கூடாது.
தப்பை ஒற்றைக் கோடு போட்டு அடிக்கவேண்டும்;
அடித்த பிறகும்
அது என்ன தப்பென்று படிக்க முடியவேண்டும்.

எண்பத்தேழு பிப்ரவரி, பனிமூட்டம்.
பண்ணையிலிருந்து கெரெய்ன்ட் போன் செய்தார்:
ஆடுகளைத் தண்டவாளம் தாண்டி ஓட்டலாமா?
ஓட்டு, என்றேன்.
வண்டி வருவதை மறந்திருந்தேன்.
மூன்று ஆடுகள்.

ஸ்வான்சியிலிருந்து அதிகாரி வந்தார், கோட்டைக் கழற்றவில்லை.
யார், என்றார்.
நான், என்றேன்.
டீ ஆறுவதற்குள் விசாரணை முடிந்தது.
சம்பளத்தில் பிடித்தார்கள்.
அந்தப் பக்கம் இன்னும் எங்கோ ஒரு பெட்டியில் இருக்கும்,
மூன்று ஆடுகளும் என் கையெழுத்துமாக.

கெதினுக்கு வயது இருபத்திரண்டு.

ஒலிப்பதிவைப் போட்டார்கள்.
‘கீழே ஏதோ மினுக்குகிறது’ என்கிறது ஒரு குரல்.
பதினோரு நொடி இரைச்சல்.
‘பரவாயில்லை, போடு’ என்கிறது இன்னொன்று.

மினுக்கியது கெதினின் கைவிளக்கு.
கூரைமேல் ஏறி நின்று காட்டியிருக்கிறான்.
விளக்கைக் கண்டால் நிறுத்துவார்கள் என்று
அவனுக்கு யார் சொல்லிவைத்தது என்பது
அறிக்கையில் இல்லை. எனக்குத் தெரியும்.

அமைச்சகத்து வக்கீல்
‘நேசப்படைத் தாக்குதல்’ என்கிறார்.
நேசம் வரும்போது மட்டும்
குரலைத் தாழ்த்துகிறார், நல்ல மனிதர்.

நெரிஸ் எழுந்தாள்.
அனுமதி கேட்கவில்லை.
‘அந்த இரண்டாவது குரல் யாருடையது?’

விசாரணை அதிகாரி பக்கத்தைப் புரட்டினார்.
கறுப்பு.
அடுத்ததையும் புரட்டினார்.
கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

வெளியே மழை.
வாசலில் காவலாளி
நூல் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டை நகர்த்தினார்:
‘மன்னிக்கணும் ஐயா, கையெழுத்துப் போடாமல்
யாரும் போக முடியாது.’

எழுதினேன்.
எல்ஃபெட் ப்ரோதரோ.
வந்தது 9.40.
போவது 4.52.
கை பழக்கத்தில்
வானிலையையும் எழுதிவிட்டது.