பென்சிலில் எழுதிய பெயர்கள்

தெசலோனிகியில் எங்கள் தெருவிலிருந்து
கடல் தெரியாது. காற்று மட்டும் வரும்.
கட்டட வாசலில் பித்தளைப் பலகைகள் பதினேழு:
பல், தோல், கண், காது, இதயம்,
மறுபடி இதயம்.
கடைசியாக அறைந்தது எங்களுடையது.
எவாந்தியா கராட்சோக்லூ, மூட்டுவாத நிபுணர்.
திருகாணிகள்கூட இன்னும் மினுக்கு குறையவில்லை.

இதே தெருவில் மூட்டு பார்ப்பவர்கள் ஐந்து பேர்.
எதிர்ச்சாரியில் ஸ்தெரியாதிஸுக்கு
மாடிப்படி வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.
இங்கே ஈ ஓட்டலாம் என்றால்
நவம்பரில் ஈயும் இல்லை.

நான் கலியோப்பி, வரவேற்பு மேசை.
போன் அடித்தால் நாலாவது மணிக்குத்தான் எடுப்பேன்.
மும்முரமாக இருக்கிறோம் என்று நினைக்கட்டும்.
பெரும்பாலும் வீட்டுக்காரர்தான், வாடகைக்கு.

அக்டோபர் முழுக்க டாக்டர் படியேறினார்.
குடும்ப மருத்துவர்கள், பிசியோதெரபி நிலையங்கள்,
மருந்துக்கடைகள்.
ஒரு கையில் அட்டைகள், மறு கையில் க்ரீம் இனிப்புப் பெட்டி.
இனிப்பை வாங்கிக்கொண்டார்கள்.
அட்டையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார்கள்.
அங்கே ஸ்தெரியாதிஸ் ஏற்கெனவே படுத்திருந்தார்.
மிலோனாஸ் என்ற ஒருவர் மட்டும்
பெட்டியைத் திறக்காமல் சொன்னாராம்:
"நிபுணர்களிடம் அனுப்புகிறேன்.
எல்லாம் கிணற்றில் போட்ட கல்.
என்ன ஆயிற்றென்று நோயாளியே வந்து சொன்னால் உண்டு."

நான் வேறு வழி பார்த்தேன்.
முன்பதிவு நோட்டில்
என் சித்திகளின் பெயர்களை எழுதி நிரப்பினேன்,
போய்ச்சேர்ந்த எல்பினிகி சித்தி உட்பட.
போனில் சொல்ல வாகாக இருக்கும்:
"செவ்வாய் நிரம்பிவிட்டதே."
டாக்டர் நோட்டைப் புரட்டினார். திட்டவில்லை.
ரப்பரை என் பக்கம் நகர்த்திவிட்டு
"இறந்தவரைப் பதினொன்றரை வரை காக்கவைக்காதே,
பத்துக்கே வரச் சொல், இடமிருக்கிறது" என்றார்.

பிறகு ஒரு வியாழன். மழை.
பல் டாக்டரைத் தேடி வந்தவள், மாடி மாறிவிட்டாள்.
குடையை மடக்கிய விரல்கள்
நுனியில் மெழுகாக வெளுத்திருந்தன.
உள்ளறையிலிருந்தே டாக்டர் பார்த்துவிட்டார்.
"இது எத்தனை குளிர்காலமாக?"
அவள் தன் கையைப் பார்த்தாள்,
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையுறை மாதிரி.
"மூன்று. குளிர் என்றால் அப்படித்தானே?"

நகக்கண்களை லென்ஸ் வைத்துப் பார்க்க அரைமணி நேரம்.
குடும்ப மருத்துவர் யார் என்று கேட்டால், மிலோனாஸ்.
அவர் அனுப்பாத நோயாளியைப் பற்றி
அவருக்கே ஒரு கடிதம், அன்று மாலையே.
ஒரே பக்கம்:
என்ன பார்த்தேன், எதைச் சந்தேகிக்கிறேன்,
எந்த ரத்தப் பரிசோதனை, மறுபடி எப்போது.
கடைசி வரி:
"நுரையீரலைத் தொட்டிருந்தால்
ஸ்தெரியாதிஸின் அனுபவம் என்னுடையதைவிடப் பெரிது.
அவரிடம் அனுப்புவேன்."
தட்டச்சு செய்த என் விரல் நின்றது.
சிக்கிய ஒரே மீன்,
அதையும் அடுத்தவன் கூடையில் போடுவதா?
"அடி, கலியோப்பி" என்றார்.
அடித்தேன்.

பதினோரு நாள் சத்தமில்லை.
பன்னிரண்டாம் நாள்
முதல் மணியிலேயே எடுத்துத் தொலைத்தேன்.
"மிலோனாஸ் பேசுகிறேன்.
கல் தண்ணீரில் விழுந்த சத்தம் இப்போதுதான் கேட்கிறேன்.
கால் கட்டைவிரல் வீங்கிய மீன் வியாபாரி ஒருவர்,
செருப்பே போட முடியவில்லை. செவ்வாய் கிடைக்குமா?"

பதினொன்றரை.
சித்தியை அழித்த இடத்தில்
காகிதம் மெலிந்து கிடந்தது.
பேனா கிழித்துவிடாமல் எழுதினேன்.

மீன் வியாபாரி தன் மைத்துனியை அனுப்பினார்.
மைத்துனி ஒரு கூட்டத்தையே.
மிலோனாஸ் தன் நண்பரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்.
ரொட்டிக்கடையில் இப்போது
கைராசிக்காரி என்கிறார்கள் எங்கள் டாக்டரை.
ராசியாவது!
ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து
யார் யாருக்கெல்லாமோ நான் அடிக்கும் கடிதங்கள்.
மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கிறது.
காட்டலாமென்றால்
அடுத்த மாதம் வரை இடமில்லை.
இருபத்தியேழாம் தேதி, மதியம் இரண்டேகாலில்,
என் பெயரைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.