கருக்காய்

நோய் முத்திப்போச்சு என்போம், பயந்துகொண்டு.
கட்டி பழுத்துவிட்டால் நல்லது என்போம்.
கண்ணில் புரை முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று
முன்பு டாக்டர்களே காத்திருந்தார்கள்.
முருங்கைக்காய் முத்தினால் வேண்டாம்,
தேங்காய் முத்தினால்தான் வேண்டும்.
ஒரு சொல்லுக்கு இத்தனை முகம் இருந்தும்
அன்று காலை பத்தேகாலுக்கு
ஒன்றுகூட எனக்கு உதவவில்லை.

காரைக்குடி, செக்காலை ரோடு, மாடியில் லேப்.
கீழே பேக்கரியில் ரஸ்க் வேகும் வாசனை.
பெயர் சேவுகமூர்த்தி, வயது முப்பத்து நான்கு,
புதுவயல் அரிசி ஆலையில் சலிக்கும் மிஷின் ஓட்டுகிறவர்.
பல் துலக்கினால் ரத்தம்.
மூட்டை பட்ட தோளில் கத்தரிப்பூ நிறத்தில்
கன்றிப்போன நான்கு வட்டம்.
ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை
அரை மணி நேரம் அழுத்திக்கொண்டே இருந்தார்.

கண்ணாடியில் இழுத்தேன். சாயம் ஊற்றினேன்.
ஒரு சொட்டு எண்ணெய், நூறு லென்ஸ்.

அணு முதிர்வது எப்படி என்று டிப்ளமோவில் படித்தது:
சிவப்பணு தன் உட்கருவைத் தூக்கி வெளியே எறிந்துவிடும்.
இனி பிரியாது, பெருகாது,
சுமக்கும், நூற்றிருபது நாள்.
வெள்ளையணு உட்கருவைக் கிள்ளிக் கிள்ளி
மூன்று நான்கு மணியாகக் கோத்துக்கொள்ளும்;
பிறகு ஒரு நாளோ அரை நாளோ.
முதிர்வது என்றால் சாகத் தெரிவது.
(பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் வராது.)

அவர் ரத்தத்தில்
எதற்கும் சாகத் தெரியவில்லை.
உடம்பெல்லாம் உட்கருவாய்ப் பெரிய பெரிய அணுக்கள்,
வயிற்றுக்குள் விறகுக்கட்டு மாதிரி
சிவந்த குச்சிகள்.
மஜ்ஜைக்குள் இன்னும் இருந்திருக்க வேண்டியவை
பாதி வளர்த்தியில் தெருவுக்கு வந்து
நெரிசலாய் நின்றன.

'இம்மெச்சூர் செல்கள்' என்று ரிப்போர்ட்டில் அடித்தேன்.

என் மகளுக்குப் பதின்மூன்று நடக்கிறது.
கோவிலூரிலிருந்து நாத்தனார் வாரத்துக்கு ஒரு போன்:
"மெச்சூர் ஆயிட்டாளா?"
அந்தச் சொல்லும் இந்தச் சொல்லும் ஒன்றா என்று
பிரிண்டர் பேப்பரை விழுங்கிய நேரத்தில் யோசித்தேன்.

டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.
கவுண்டரில் நின்று கேட்டார்:
"என்ன மேடம் போட்டிருக்கு?"
"அணு சரியா முத்தலை. இன்னைக்கே மதுரை போங்க.
பஸ் வேண்டாம், கார் பிடிங்க."
கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார்.
"கருக்காயா?"
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.
"எங்க மிஷின்ல காத்தடிச்சா பறந்துரும்.
இது பறக்காதோ?"

பறக்காது.
மதுரையில் தூற்றவும் இல்லை.
கேரட்டுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு மாத்திரை,
கூடவே பாட்டிலில் சொட்டுச் சொட்டாய்ப் பாஷாணம்.
பாஷாணமேதான், எழுத்துப் பிழை இல்லை.
இரண்டும் சேர்ந்து அணுவிடம் கேட்பது
சாவை அல்ல,
வளர்ச்சியை.
வளர்ந்தபின் அது தானாகப் போய்விடும்.

இருபத்தேழாம் நாள், இளைத்து, முகக்கவசத்தோடு
மறுபடி மாடி ஏறி வந்தார்.
வழியில் இரண்டு முறை நின்றாராம்.
பஞ்சை எடுத்ததும் ரத்தம் நின்றிருந்தது.
லென்ஸில் தேடித் தேடி
ஓர் அணுவில் நின்றேன்:
உட்கரு மூன்று மணி, முழு வளர்த்தி,
உள்ளே இன்னும் ஒற்றைக் குச்சி.
சின்னதில் குத்திய முள்ளை எடுக்காமலே
பெரிதாகிவிட்டது.

சட்டமில்லைதான், ஆனாலும் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்தார்.
"எல்லாம் கத்தரிப்பூ கலராத்தான் இருக்கு," என்றார்.
"ஆலைக்கு எப்பப் போகலாம்?"
தவிட்டுத் தூசி ஆகாது, இன்னும் மாதக்கணக்கு இருக்கு என்றேன்.
முகம் கொஞ்சம் சுருங்கியது.

போன் அடித்தது. கோவிலூர்.
"இல்லை," என்றேன், "அவ பாட்டுக்கு வளரட்டும்."
அடுத்த கண்ணாடி காய்ந்திருந்தது.
கண்டனூர், எட்டாம் மாதம்,
ஹீமோகுளோபின் ஏழு.